பிச்சைமுத்து கும்பிட்ட திசை

"இத்தனை வருஷத் தொழில்ல, செத்தவரைத் தேடி டிக்கெட் எடுத்தது இதுதாண்ணே முதல் தடவை" என்றேன்.

துப்பறியும் ரத்தினவேல் ரயில் ஜன்னல் வழியாகச் சயாம் தேசத்து வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜோக் சொல்வதும் அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதும் எங்கள் தொழிலில் பாதி. மீதிப் பாதிதான் துப்பறிவது.

எங்கள் ஆபீஸ் புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஒரு மாடி அறை. அண்ணன் சமஸ்தானப் போலீசில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போனதும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தார். நான் நாகராசு, அவருடைய அசிஸ்டென்ட். மூளை அவருடையது, வாய் என்னுடையது. எனக்கென்று வீட்டில் யாரும் இல்லாததால் வாய் கொஞ்சம் அதிகம் என்று அவர் ஒருமுறை சொன்னார். அன்று மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

எதிர் சீட்டில் ஜெகபர் சாதிக் பாய் உட்கார்ந்திருந்தார். சொந்த ஊர் ஜெகதாப்பட்டினம், பாங்காக்கில் ஜவுளிக்கடை. அவருடைய கடைக்கு வரவேண்டிய துணி மூட்டைகள் வழியிலேயே மாயமாகிக்கொண்டிருந்த வழக்குத்தான் எங்களைக் கப்பலேற்றியது. திருடனை முந்தாநாளே பிடித்தாயிற்று. ஊருக்குக் கப்பல் பிடிக்க நாளைக்குத்தான் ரயில். நடுவில் ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது.

"அந்த ஒரு நாள்ல நான் ஒங்களுக்கு ஊரச் சுத்திக் காட்டுவேன், படகுல கூட்டிப் போவேன்னு பாத்தா, சண்டையில செத்தவங்க கல்லறையப் பாக்கணுங்கிறீங்க" என்று பாய் அலுத்துக்கொண்டார். "நான் இந்த ஊருக்கு வந்து இத்தனை வருசத்துல காஞ்சனபுரிப் பக்கம் தலைவச்சுப் படுத்ததில்ல."

"எனக்கும் ஆசையில்ல, பாய். ஒரு அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்றார் அண்ணன். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா அன்னவாசல் செங்கமலம்.

நாங்கள் கப்பலேறப் போகிறோம் என்று கேள்விப்பட்டு, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

கல்யாணமான மறு வருஷமே புருஷன் ஆண்டியப்பன் மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். செங்கமலம் அப்போது வாயும் வயிறுமாக இருந்தார். அங்கே ஜப்பான்காரன் சண்டை வந்தது. சயாம் காட்டில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை லாரி லாரியாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதில் ஆண்டியப்பனும் போனார் என்று கேள்வி. அதோடு சரி, தகவல் இல்லை. அவரோடு ஒரே கப்பலில் போன குடுமியான்மலைப் பிச்சைமுத்து மட்டும் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார்.

"அவருகிட்ட எத்தனையோ தடவை கேட்டேங்க ஐயா. 'அண்ணே, அவுக எங்கண்ணே'ன்னு கேட்டா, தலையக் குனிஞ்சுக்கிட்டு அங்கிட்டுப் போயிருவாரு. ஒரு வார்த்தை சொல்லல. திரும்பவும் மலேயாவுக்கே போயிட்டாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால திடீர்னு இந்தப் போட்டோவக் குடுத்து விட்டாரு. 'இதுதான் அண்ணன் இருக்கிற எடம். நல்ல எடம். வருத்தப்பட வேணாம்'னு சேதி. மறு வருசம் அவரும் மலேயாவுலயே செத்துப் போயிட்டாரு."

போட்டோவில் வரிசை வரிசையாகக் குட்டையான கல்லறைக் கற்கள். முன்னால் ஒரு கல், அதன் தலையில் பதித்த தகட்டில் உச்சி வெயில் பட்டு எழுத்துத் தெரியாமல் வெளுத்திருந்தது. பக்கத்தில் பிச்சைமுத்து, கை கூப்பியபடி.

"தெனம் சாயங்காலம் இதுக்கு முன்னால வெளக்கு வைக்கிறேன். ஆனா இதக் கழட்ட மனசு வரல" என்று கழுத்துத் தாலியைத் தொட்டுக் காட்டினார். "கழட்டின மறுநாளு அவுக வந்து வாசல்ல நின்னா நான் என்ன சொல்லுவேன்? தையில எம் மக அழகிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல, 'பொண்ணோட ஆத்தா சுமங்கலியா, இல்லையா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க'ன்னு கேக்குறாங்க. எனக்கே தெரியலையே. நீங்க போலீசுல இருந்தவுக. ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்து, இருக்காகளா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க எது சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

ஒரு வேட்டியும் ஒரு பொட்டலம் பாக்கும் கொடுத்தார்.

"வெத்தலை இல்லாம அரை நேரம் இருக்க மாட்டாக. மாங்கா மாதிரி ஒரு பித்தளைக் கரண்டகம், சுண்ணாம்பு வச்சுக்கிறதுக்கு, எங்க அப்பா குடுத்தது. தூங்குறப்பக்கூட மடியிலதான் இருக்கும். வெத்தலை அங்க போறதுக்குள்ள வாடிரும். பாக்கு மட்டும் வச்சுட்டு வாங்க."

அவர் படியிறங்கிப் போனபின், "அண்ணே, இதுல துப்பறிய என்ன இருக்கு? கல்லைப் பாத்துப் பேரப் படிச்சா முடிஞ்சது" என்றேன்.

"அப்படி முடிஞ்சா நல்லதுதான்" என்றார் அண்ணன்.

காஞ்சனபுரி ஸ்டேஷனில் இறங்கியதும் எதிரிலேயே கல்லறைத் தோட்டம் தெரிந்தது. தோட்டம் என்றால் நிஜமாகவே தோட்டம். புல் ஒரே சீராக வெட்டியிருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பூச்செடி. தோட்டக்காரர் ஒருவர் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரையும் எங்களையும் தவிர வேறு ஆள் இல்லை.

"பரவாயில்ல அண்ணே, ஆண்டியப்பன் நல்ல எடமாத்தான் புடிச்சிருக்காரு. நம்ம முனிசிபாலிட்டிப் பார்க்கவிட இது எவ்வளவோ மேல்" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே பிடிக்கவில்லை. வரிசைக்கு மேல் வரிசையாக அந்தக் கற்கள் போய்க்கொண்டே இருந்தன. கடல் தாண்டிக் கூட்டி வந்து, யாரும் வந்து பார்க்க முடியாத தூரத்தில் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எவ்வளவு பூச்செடி வைத்தால் என்ன, அந்த இடத்தில் நின்றபோது எனக்குப் பெரிய தனிமையாக இருந்தது.

போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேடினோம். போட்டோவில் பிச்சைமுத்துவின் பின்னால் வாசல் வளைவின் ஒரு பாதியும், வரிசையின் கோடியில் ஓர் அரளிமரமும் தெரிந்தன. அந்த இரண்டும் அப்படியே தெரிகிற இடத்துக்கு அண்ணன் பின்னோக்கி நடந்து போய் நின்றார்.

"இந்தக் கல்லுதான்."

குனிந்து தகட்டைப் படித்தார். நிமிரவில்லை. இன்னொரு முறை படித்தார்.

"என்னண்ணே?"

"லெஸ்லி பார்னெட். இங்கிலீஷ் பட்டாளத்துச் சிப்பாய். வயசு இருபத்திரண்டு. கீழே, 'எங்கள் ஒரே பிள்ளை. அம்மா, அப்பா'ன்னு போட்டிருக்கு."

அன்னவாசலில் இரண்டு வருஷமாகச் செங்கமலம் தினம் விளக்கு வைத்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு!

பாய் தோட்டக்காரரிடம் சயாம் பாஷையில் ஏதோ கேட்டார். அவர் தலையை ஆட்டினார்.

"இங்க பட்டாளத்துக்காரங்களுக்கு மட்டுந்தான் கல்லாம். கூலியா வந்தவங்க ஒருத்தருக்கும் கல் கெடையாதாம். தமிழ் ஆளுங்க ரொம்பப் பேரு செத்தாங்களாம். அவங்கள எங்கெங்க பொதைச்சாங்கன்னு யாருக்கும் தெரியாதாம்."

"அப்ப பிச்சைமுத்து சொன்னது பச்சைப் பொய்!" என்றேன். "அண்ணே, பொய்யின்னா நல்லதுதானே? அவரு செத்ததுக்கு இருந்த ஒரே சாட்சி இந்தப் படம். படமே பொய்யின்னா ஆண்டியப்பன் எங்கயோ உசிரோட இருக்காரு! பிச்சைமுத்து எதுக்கோ மறைச்சிருக்காரு!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செங்கமலத்தின் வாசலில் போய் நின்று, 'தாலியைக் கழட்டாதீங்க' என்று சொல்வதை மனசுக்குள் ஒத்திகையே பார்த்துவிட்டேன். அண்ணன் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாகராசு, இந்தக் கல்லுகிட்ட போயி நில்லு. நான் போட்டோ புடிக்கப் போறேன்."

"கேமரா எங்கண்ணே?"

"இருக்குன்னு நெனச்சுக்க. போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நில்லு."

நின்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மடிப்புக் கலையாமல் எடுப்பாகத் தோளில் போட்டுக்கொண்டேன். தலையைக் கையால் கோதிவிட்டு அண்ணனைப் பார்த்தேன்.

"இப்ப இது ஒன் கூடப்பொறந்த அண்ணன் கல்லறை. கும்பிடு."

கல்லைப் பார்த்துத் திரும்பிக் கை கூப்பினேன்.

"அப்படியே இரு. பாய், இந்தப் படத்தைப் பாருங்க, இவனையும் பாருங்க. என்ன வித்தியாசம்?"

பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இவரு கல்லப் பாத்துக் கும்பிடுறாரு. படத்துல இருக்கிறவரு கல்லுக்கு முதுகக் காட்டிக்கிட்டு அங்கிட்டுப் பாத்துல்ல கும்பிடுறாரு!"

"அத நானும் ஊர்லயே பாத்தேன்" என்றேன். "கேமரா எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இன்னொண்ணு இருக்கு. ஒன் துண்டு எங்க இருக்கு?"

"தோள்ல."

"பிச்சைமுத்து துண்டு?"

ஓடிப்போய்ப் படத்தைப் பார்த்தேன். துண்டு இடுப்பில் இருந்தது. சுற்றி இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தார். காலில் செருப்பும் இல்லை.

"போட்டோ புடிக்கிறப்ப நம்ம ஆளு துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பானா?" என்று கேட்டார் அண்ணன். "நீயே எடுத்து உதறித் தோள்ல போட்டுக்கிட்டே. துண்டு இடுப்புக்கு எறங்குறது சாமிக்கு முன்னால. இல்லைன்னா, பெரிய மனுசன்னு மனசார நெனக்கிற ஒருத்தருக்கு முன்னால. பிச்சைமுத்து போட்டோவுக்காகக் கை கூப்பல. நெசமாவே கும்பிட்டிருக்காரு. ஆனா இந்தக் கல்லை இல்ல."

எனக்குப் புரிந்தது. ஒத்திகை பார்த்து வைத்ததை இனி அந்த வாசலில் சொல்ல முடியாது.

"கல்லு பொய், நாகராசு. கும்பிட்டவன் பொய்யில்ல."

"அப்ப ஆண்டியப்பன்..."

"வா. அவரு கும்பிட்ட பக்கமாப் போயிப் பாப்போம்."

"அண்ணே, சாயங்கால ரயிலு!" என்று பாய் பின்னால் கத்தினார். கத்திக்கொண்டே அவரும் வந்தார்.

போட்டோவில் கூப்பிய கை காட்டிய பக்கம், கல்லறைத் தோட்டத்தின் பின்வேலி. அதற்கு அப்பால் ஒரு வண்டிப்பாதை. பாதையைத் தாண்டினால் வாழைத்தோட்டம். அதற்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு ஒரு பெரிய புளியமரம். சுற்று வட்டாரத்தில் தூரத்திலிருந்து அடையாளம் தெரிகிற மரம் அது ஒன்றுதான்.

மரத்தடியில் ஓர் அம்மாள் வாழையிலைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓலைத்தொப்பி, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பாய்தான் பேசினார்.

"இது அவங்க தோட்டமாம். சண்டை நேரத்துல இங்க ஜப்பான்காரன் குடிசை போட்டு, சீக்கு வந்த கூலி ஆளுகளக் கொண்டாந்து போட்டிருந்தானாம். ஆசுபத்திரின்னு பேராம், மருந்து கெடையாதாம். பின்னால இவங்க வாழை வைக்கத் தோண்டினப்ப எலும்பு எலும்பா வந்திச்சாம். எல்லாத்தையும் அள்ளிக் கோயிலுக்குக் குடுத்தாங்களாம்."

"தமிழ் ஆள் யாராவது இங்க வந்தாங்களான்னு கேளுங்க."

கேட்ட உடனே அந்த அம்மாள் என்னைக் கைகாட்டி ஏதோ சொன்னார்.

"இவரு மாதிரி கறுப்பா ஒருத்தரு ரெண்டு வருசத்துக்கு முன்னால வந்தாராம். வந்து இந்த மரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதாராம். அன்னைக்குக் காலைல பூரா அழுதாராம். பாஷை தெரியாதாம். கையக் கையக் காட்டி ஒரு கல்லு நட்டுக்கிறேன்னு கேட்டாராம்."

புளியமரத்தின் அடுத்த பக்கம் போனோம். வேருக்கு நடுவே முழங்கை உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. நம் ஊரில் எல்லையில் நிற்கும் சாமிக்கு நடுவார்களே, அதே மாதிரி. அதன் முன்னால் ஊதுபத்திக் குச்சிகள் எரிந்து சாம்பலாகிக் கிடந்தன. ஒரு வெற்றிலை மடிப்பு, இன்னும் வாடவில்லை.

"யாரு வச்சது?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் விருந்தாளிக்கு உபசாரம் செய்கிற முறையில் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். இன்னொரு கையால் இடுப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து, விரலால் சுண்ணாம்பைத் தொட்டு இலையில் தடவி என்னிடம் நீட்டினார்.

நான் வெற்றிலையை வாங்கவில்லை. டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பித்தளை. மாங்காய் வடிவம். சங்கிலி இருக்கவேண்டிய இடத்தில் நைந்துபோன ஒரு கறுப்புக் கயிறு மூடியையும் டப்பாவையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

"அண்ணே" என்றேன். டப்பாவைக் கைகாட்டினேன்.

பாய் கேட்டுச் சொன்னார், குரல் இறங்கிப் போய்: "அந்த ஆளு குடுத்துட்டுப் போனாராம். நீங்க வெத்தலை போடுறப்பல்லாம் இவருக்கும் ஒண்ணு வையுங்கன்னு கையாலயே காட்டினாராம். அன்னைலேருந்து வச்சுக்கிட்டுத்தான் வாராங்களாம். அதுக்கப்புறந்தான் அந்த ஆளு டவுன்லேருந்து ஒரு போட்டோக்காரரக் கூட்டிக்கிட்டு அந்தத் தோட்டத்துப் பக்கம் போனாராம்."

வாழையிலைகள் காற்றில் சலசலத்தன.

"இத்தனை வருசம் இதை மடியிலயே வச்சிருந்திருக்காரு பிச்சைமுத்து" என்றார் அண்ணன். "ஊருக்கு வந்தப்பவும் வச்சிருந்தாரு. அந்தம்மாகிட்டக் குடுக்கல. குடுத்தா எல்லாத்தையும் சொல்லணும். மருந்தில்லாம, தண்ணியில்லாம, இந்த மரத்தடியில எப்படிப் போனாருன்னு சொல்லணும். அவரால முடியல."

"அதுக்காக வெள்ளைக்காரன் கல்லையா காட்டுறது?"

"இங்க எதப் போட்டோ புடிப்பாரு? ஒரு புளியமரம், நாலு வாழை. இதையா அந்தம்மாகிட்டக் காட்டுவாரு? எட்டிப் பாத்தா அங்க புல்லு வெட்டி, பூச்செடி வச்சு, தண்ணி விட்டுக்கிட்டு இருக்கான். அண்ணன் அங்க இருந்தா நல்லாருக்குமேன்னு ஆசப்பட்டுட்டாரு. கல்லைக் காட்டுறதுக்கு மனசு துணிஞ்சுது. கும்பிடுறப்பதான் திரும்பிக்கிட்டாரு."

அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். நானும் கட்டினேன். வேட்டியைக் கல்லின் மேல் சாத்திப் பாக்குப் பொட்டலத்தைப் பிரித்து முன்னால் வைத்தோம். பாய் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று, கைகளை ஏந்தி ஏதோ ஓதினார்.

புறப்படும்போது அந்த அம்மாள் கரண்டகத்தை அண்ணனிடம் நீட்டினார். செத்தவரின் ஆட்கள் வந்துவிட்டார்கள், கொடுத்துவிடுகிறேன் என்றாராம். அண்ணன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்த்தார். பிறகு திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.

"அண்ணே, இதுதானே சாட்சி?" என்றேன்.

"சாட்சிதான். எடுத்துட்டுப் போயிட்டா நாளைக்கு அவருக்கு யாரு வெத்தலை வைப்பா?"

திரும்பும் வழி முழுவதும் நாங்கள் விவாதித்தது ஒன்றே ஒன்றுதான். செங்கமலத்திடம் என்ன சொல்வது?

"கல்லறை இருக்கு, தோட்டம் நல்லாருக்கு, தெனம் தண்ணி விடுறாங்க. இதுல எது பொய்?" என்று நான் கேட்டேன். கப்பலில் கேட்டேன், நாகப்பட்டினத்தில் கேட்டேன், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலும் கேட்டேன். அன்னவாசல் பஸ்ஸில் ஏறும்போது அண்ணன், "சரி, அப்படியே சொல்லிருவோம்" என்றார்.

செங்கமலத்தின் வீட்டில், போட்டோ இருந்த மாடத்தில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. படத்தை நாங்கள் வாங்கிப் போன பிறகும் வெறும் சுவருக்கு விளக்கு வைத்திருக்கிறார். மகள் அழகி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் நின்றுகொண்டாள்.

"சொல்லுங்க ஐயா" என்றார் செங்கமலம்.

அண்ணன் எத்தனையோ திருடர்களிடம் முகம் மாறாமல் பொய் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அவர் அந்த விளக்கைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கல்லில் இருந்த வேறு பெயர், பிச்சைமுத்து இடுப்பில் கட்டியிருந்த துண்டு, அவர் கும்பிட்ட பக்கம், புளியமரம், நட்ட கல், வெற்றிலை மடிப்பு, கரண்டகம். ஒன்றையும் விடவில்லை.

செங்கமலம் அழவில்லை.

"கரண்டகம் அவுகளதுதானா? மாங்கா மாதிரி எத்தனையோ பேரு வச்சிருப்பாக."

"எனக்கு அது ஒண்ணுதான் உறுத்துது, தங்கச்சி" என்றார் அண்ணன்.

"சங்கிலி இல்லீங்க" என்று நான் குறுக்கிட்டேன். "மூடி விழுந்துராம ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்திச்சு. நைஞ்சு போயி."

செங்கமலத்தின் கை தானாகப் பின்னால் போய்த் தன் கொண்டையைத் தொட்டது.

"அது என் சடைக்கயிறு" என்றார். "கப்பலுக்குப் பொறப்படுற அன்னைக்குச் சங்கிலி அத்துப் போச்சு. வண்டி வந்து நிக்கிது. நேரமில்ல. தலையிலிருந்து உருவி நான்தான் கட்டிக் குடுத்தேன். இத ஒருத்தருகிட்டயும் நான் சொன்னதில்ல."

எழுந்து உள்ளே போனார். அழகி பின்னாலேயே போகப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். நாங்கள் ஆறிப்போன காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது எனக்கு.

திரும்பி வந்தபோது கழுத்து வெறுமையாக இருந்தது. முகம் கழுவியிருந்தார். பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொம்பளை தெனமும் வைக்கிதா, வெத்தலை?"

"தெனமும்."

"நல்லாருக்கட்டும்."

மாடத்து விளக்கை எடுத்துத் திரியைத் தூண்டிவிட்டார். பக்கத்தில் இன்னொரு விளக்கைக் கொண்டுவந்து ஏற்றினார். அண்ணனிடம் கை நீட்டிப் போட்டோவை வாங்கி, பழைய விளக்குக்கு முன்னால் பழையபடி நிறுத்தினார்.

"இது எதுக்கும்மா? இது நம்ம அப்பா கல்லு இல்லையே" என்றாள் அழகி.

"தெரியும்டி. ரெண்டு வருசமா வெளக்கு வச்சிட்டேன். அந்தப் புள்ளைய இப்ப இருட்டுல விடச் சொல்றியா?" அண்ணன் பக்கம் திரும்பினார். "ஒத்தைப் புள்ளைன்னு எழுதியிருந்திச்சுன்னு சொன்னீகளே. அதோட ஆத்தா அந்த எடத்த வந்து பாத்திருக்குமா?"

"இங்கிலாந்து ரொம்ப தூரம், தங்கச்சி. பாத்திருக்காதுன்னுதான் நெனக்கிறேன்."

"அப்ப என்னைய மாதிரித்தான் அதுவும். ஒரு காயிதம் எழுதிப் போடுங்க ஐயா. இந்த மாதிரி அன்னவாசல்னு ஒரு ஊரு, அங்க ஒருத்தி ஒங்க மகனுக்கு அந்தியில வெளக்கு வைக்கிறான்னு எழுதுங்க. அழுதுக்கிட்டே இருக்க வேணாம்னு எழுதுங்க."

"வெலாசம் தெரியாதே" என்றேன்.

"அந்தத் தோட்டத்தப் பாத்துக்கிற ஆபீசுக்கு அனுப்புனா அவங்க சேத்துருவாங்க" என்று அண்ணன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நாகராசு, அந்தக் கல்லுல இருந்த பேரு என்ன?"

நான் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மறக்கவும் இல்லை.

"லெஸ்லி பார்னெட்" என்றேன்.

செங்கமலம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.